மடைக்காரருக்கு வந்த பயம்

பயம் உடம்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று நான் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்காத காலம் அது. கேட்டவன் நான்தான் என்பதை என் வீட்டுக்காரியே பல நாள் நம்பவில்லை.

"நீரா? நீரா வாயத் தொறந்து கேட்டேரு?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. கோட்டாறு சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்கக் கூச்சப்பட்டு, பக்கத்தில் வேறு யாராவது வந்து கேட்கும்வரை நின்று, அந்த விலைக்கே நானும் வாங்கி வருவேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வறுமை ஒரு காரணம். வாத்தியார் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னது இன்னொரு காரணம்.

நான் சொல்வது முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எங்கள் ஊர் பெரிய குளம் ஒன்றின் கரைக்குக் கீழே இருந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு விளைச்சல். இரண்டும் குளத்து மடையை நம்பித்தான். மடை என்றால், தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்கள். அவற்றின் அடியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு குழி. குழிக்குள் ஒரு துவாரம். அதை மரக்கட்டையாலும் வைக்கோலாலும் களிமண்ணாலும் அடைத்திருப்பார்கள். திறக்க வேண்டுமென்றால் ஒருவர் முங்கிப் போய், கண் தெரியாத கலங்கலில் கையால் தடவி, களிமண்ணை நோண்டி, கட்டையைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய உடனே பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டும். தண்ணீர் இழுக்கிற இழுப்புக்கு ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.

அந்த வேலை ஒரே குடும்பத்துக்கு உரியது. அதற்காக ஒவ்வொரு அறுப்புக்கும் களத்தில் அவர்களுக்கு நெல் உண்டு. என் காலத்தில் அதைச் செய்தவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருந்த வயல் மடையை ஒட்டியது என்பதால், அவர் முங்கும்போது துவர்த்து என்கிற துண்டையும் வேட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு கரையில் நிற்பது என் வேலையாக ஆகிவிட்டது. யாரும் நியமிக்கவில்லை. பேசாமல் செய்யும் வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் கன்னிப்பூவுக்கு மடை திறந்தபோது அவர் வெளியே வரச் சற்றுத் தாமதமாயிற்று. கரையில் நின்றவர்கள் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு தலை தெரிந்தது. கட்டைக்கும் கல்லுக்கும் இடையில் விரல் மாட்டிக்கொண்டதாம். சிரித்துக்கொண்டே சொன்னார். கரையேறி வெற்றிலை போட்டார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஆவணி மாதம் ஒரு காலையில், கிணற்றடியில் முகம் கழுவக் கையில் தண்ணீர் ஏந்தியிருக்கிறார். ஏந்திய கை முகத்துக்கு வரவில்லை. தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து போயிற்று. மறுபடி ஏந்தினார். மறுபடியும் அப்படியே. அன்றிலிருந்து குளத்துக்குக் குளிக்கப் போவது நின்றது. வீட்டில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டார். பிறகு குளத்துக்கரை வழியாக நடப்பதும் நின்றது. தாடி வளர்ந்தது. உறக்கம் இல்லை. யாராவது வந்தால் வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஊர் பேசத் தொடங்கியது. கிறுக்கு என்றார்கள் சிலர். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் விட வேண்டும் என்றார்கள் சிலர். மடையில் இருக்கும் உக்கிரதேவதை இசக்கி பிடித்துக்கொண்டாள் என்றார்கள் மற்ற எல்லாரும். கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு மந்திரவாதியை வரவழைத்தார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு எங்கள் பக்கத்து வைத்தியத்தையே சொன்னார். தண்ணீரில் பயந்தவனைப் பயந்த இடத்திலேயே முக்கி எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கென்றால் இது முகத்தில் நீர் தெளிப்பதோடு முடியும். பெரியவர்களுக்கு அப்படி இல்லை. நாலு பேர் பிடித்து, திமிறல் அடங்கும்வரை அழுத்தி வைப்பார்கள். திமிறுவது ஆள் இல்லை, உள்ளே இருப்பது என்பது நம்பிக்கை.

இதைக் கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. கும்பப்பூவுக்கு நாற்று வளர்ந்துகொண்டிருந்தது. வயலில் தொளி என்கிற சேறு கலக்கத் தண்ணீர் வேண்டும். மடைக்காரர் குணமானால் ஊருக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. வருகிற வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டு முடிவு சொல்லி, அன்றைக்கே முக்கிவிடுவதாகப் பேச்சு.

வியாழக்கிழமை மடைக்காரர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அவளை மைனி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரியிடம் பேச வந்தவள்போல உட்கார்ந்து, என் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"தம்பி, ஊரே வந்து அவருக்குப் புத்தி சொல்லியாச்சு. நீங்கதான் ஒண்ணும் சொல்லல்ல. நீங்க ஒருக்கா வந்து இருங்க. சும்மா இருந்தாப் போரும்."

போனேன். அவர் படப்பு நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அதையே நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். என்னோடு இருக்கிறவர்கள் எப்போதும் சிறிது நேரத்தில் அவர்களாகப் பேச ஆரம்பிப்பார்கள். அவர் ஆரம்பிக்கவில்லை. எனக்குள் ஒரு கேள்வி பல நாளாகக் கிடந்தது. பயப்படாதே என்று எல்லாரும் அவரிடம் சொல்கிறார்களே, அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று யாருக்காவது தெரியுமா? அறியும் ஆசையில், கூச்சம் வருவதற்கு முன்னால் வாய் கேட்டுவிட்டது.

"அண்ணே, அது எங்க தொடங்குகு?"

"எது?"

"அந்தப் பயம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேலியா என்று பார்த்திருப்பார். பிறகு, தொலைத்த சாமானைத் தேடுகிறவர்போலத் தன் உடம்புக்குள் தேடினார்.

"இங்க," என்று நெஞ்சுக்குழியைத் தொட்டார். "முதல்ல இங்க ஒரு குளிரு. பெறகு வெரலு மரத்துப் போவும். அதுக்குப் பெறகு காது."

"காதா?"

"ஆமா மக்கா. நீங்கல்லாம் பேசுகது அங்க தூரத்துல, வேற ஊருல பேசுகது மாதிரி கேக்கும். நெஞ்சு மட்டும் பக்கத்துல அடிக்கும். அப்பம் மனசு சொல்லும், செத்தேன்னு."

எனக்கும் காது அப்படித்தான் ஆகும். பேசச் சொல்லி நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால், முதலில் நெஞ்சுக்குழியில் குளிர், பிறகு விரல், பிறகு காது. வரிசைகூட அதேதான். உலகத்தில் இன்னொருவருக்கும் காது அப்படி ஆகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"எனக்கும் உண்டு அண்ணே," என்றேன்.

"உனக்கா? உனக்கு எந்தத் தண்ணி?"

பதிவுக் கச்சேரி ஆபீஸில் நடந்ததைச் சொன்னேன். பாட்டம் பதிய நாகர்கோவிலுக்குப் போயிருந்தபோது குமாஸ்தா என் பெயரைக் கேட்டார். என் பெயர் எனக்கு வரவில்லை. அவர் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம், "இவன் பேரென்ன?" என்று கேட்டார். பின்னால் நின்றவர் பூதப்பாண்டிக்காரர். அவருக்கு என்னைத் தெரியாது.

மடைக்காரர் சிரித்தார். மைனி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பம் உனக்குக் குளம் மனுசங்களாக்கும்!" என்றார்.

"ஆமா. நாலு பேரு கூடினா எனக்கு அது நெல கொள்ளாத ஆழம்."

"அப்பம் நீ என்ன செய்வ?"

"ஒண்ணும் செய்யமாட்டேன். ஏதாவது ஒரு தூணப் பாத்துட்டு நிப்பேன். கொறச்சு நேரத்துல தானே போயிரும்."

"தானே போயிருமா?"

"இதுவரைக்கும் போவாம இருந்ததில்ல."

"நான் நின்னு பாத்ததில்ல கேட்டியா. வந்த ஒடனே ஓடிருவேன்," என்றார். பிறகு குரல் மாறியது. "நாளைக்கி என்னய ஓட விடமாட்டானுவ. நாலுபேரு பிடிச்சு முக்குவானுவ. நான் தண்ணி குடிச்சுச் சாவமாட்டேன் மக்கா. மூச்சுப் பிடிக்க எனக்குத் தெரியும். தண்ணிக்குள்ள போறதுக்கு முந்தியே நெஞ்சு நின்னுரும்."

மைனி வெளியே வந்துவிட்டாள்.

"இத நீங்க நாளைக்கிக் கூட்டத்துல சொல்லணும் தம்பி."

"கூட்டத்துலயா?"

"பொறவு? மாட்டுக்கிட்டயா சொல்லப் போறீய?"

அவர் சொன்னால் இசக்கி பேசுகிறாள் என்பார்கள். அவள் சொன்னால் பெண்டாட்டி பாசம் என்பார்கள். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. வேறு ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையார் கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. மந்திரவாதி முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார். மடைக்காரரைத் தூணோரமாக உட்கார வைத்து, இரண்டு பக்கமும் பலசாலிகள் இருவரை இருத்தியிருந்தார்கள். ஊர்க் காரியங்களை நடத்தும் பெரியவரை முதலடி என்று சொல்வோம். அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வழக்கப்படி, "யாருக்காவது மறுவாக்கு உண்டா?" என்று கேட்டார். அதற்கு யாரும் எழுந்திருப்பதில்லை. நான் எழுந்தேன்.

"எலே, இவன் எந்திச்சிட்டான்!"

"இன்னைக்கி மழ பெய்யும்வே!"

"சொல்லும்," என்றார் முதலடி.

நெஞ்சுக்குழியில் குளிர் வந்தது. சொல்ல வேண்டியதை இரவெல்லாம் கோர்த்து வைத்திருந்தேன். ஒரு சொல்கூட இருந்த இடத்தில் இல்லை. விரல் போயிற்று. பிறகு காது. சிரிப்புச் சத்தம் வேறு ஊரிலிருந்து வந்தது. தூணைப் பார்த்தேன். தூணில் விளக்கேந்தி நின்ற கல்பாவையும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்வை முதுகில் ஓடியது. வேட்டி ஆடுவது வெளியே தெரிந்திருக்க வேண்டும்.

"முழுங்குனதத் துப்பும்வே!"

"யாராவது தண்ணி குடுங்கப்பா, ஆளு விழுந்துரப் போறாரு."

அப்போது மடைக்காரர் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பிடித்தார்கள். அவர் கையை உதறிவிட்டு என்னிடம் வந்து, என் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சிரிக்காதீங்கப்பா," என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் சத்தமாகப் பேசியது அதுதான். "வந்து தொட்டுப் பாருங்க. எனக்கு மடையில வருகது இதுதான். அச்சு அசலு இதுதான்."

முன்வரிசையிலிருந்த ஒரு வயசாளி, நாங்கள் பாட்டா என்று கூப்பிடுகிறவர், தடியை ஊன்றி எழுந்து வந்தார். நிஜமாகவே என் நெஞ்சைத் தொட்டார்.

"சவம், கோழிக்குஞ்சு மாதிரில்லா அடிக்குகு!" என்றார். மந்திரவாதியிடம் திரும்பினார். "வே, மடையில இசக்கி இருக்கா, ஒத்துக்கிடுகேன். இவன் நிக்கது பிள்ளையாரு கோயிலு மண்டபம். இங்க வச்சு இவன எவ பிடிச்சா?"

மந்திரவாதி சற்றும் தயங்கவில்லை. அவர் பேச்சில் மலையாளம் கலந்த மேற்கத்தி ராகம் இருக்கும். "எங்கில் ரெண்டு பேரையும் கொண்டு வா. ரெண்டு பேரையும் முக்கணும்," என்றார்.

"பயந்த எடத்துல முக்கணும்னுதானே சொன்னேரு?" என்றார் முதலடி. "இவன் பயந்தது மண்டபத்துல. மண்டபத்துல எங்கவே முக்குகது?"

சிரிப்பு எழுந்தது. இந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து வந்ததில்லை. அதற்குள் எனக்குக் காது திரும்பிவிட்டது.

"உமக்கு இது எப்பமிருந்து?" என்று முதலடி என்னிடம் கேட்டார். கூட்டத்துக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"சின்னதுலயே உண்டு," என்றேன்.

"எப்படிப் போவும்?"

"நின்னாப் போவும். பிடிச்சு வச்சா கூடும்."

ஊர்க்கூட்டத்தில் நான் பேசியது இவ்வளவுதான். முதலடி மடைக்காரரை முக்க வேண்டாம் என்று முடிவு சொன்னார். மந்திரவாதிக்குச் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பகையில்லாமல்தான் போனார்.

மடை திறக்க மணக்குடி கடப்புறத்திலிருந்து ஒரு மீன்பிடிக்காரரை அழைத்து வந்தார்கள். கடலில் முங்கி எழுகிறவர். "இது தண்ணியா? தொளியில்லா!" என்று கேலி செய்துகொண்டு இறங்கினார். தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. கரையேறியவர் கேலியை விட்டுவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

"கடல்ல கண்ணு தெரியும்," என்றார். "இதுக்குள்ள எனக்க கைய எனக்கே தெரியல்ல. வருசாவருசம் இதுல எறங்குகவனுக்குப் பயம் வரல்லன்னாத்தான் கிறுக்கு."

அந்தப் பேச்சு அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நான் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

மடைக்காரருக்கு இப்போது வேறோர் ஆவல் வந்திருந்தது. நின்றால் போகுமா என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு படித்துறைக்கு வருவார். நனையாத கடைசிப் படியில் நிற்போம்.

"வருகு," என்பார்.

"எதுவரைக்கும்?"

"வெரலு... இப்பம் காது... இரு... இரு... எறங்குகு."

வைத்தியம் செய்கிறோம் என்று எங்களுக்கு நினைப்பில்லை. மழை வருமா என்று வானம் பார்க்கிற மாதிரிதான் பார்த்தோம். சில நாள் கணுக்காலளவு போவார். சில நாள் படியிலேயே திரும்பிவிடுவார். குளிக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக் கூடினார்கள். எனக்கு அதுவே ஒரு குளம். ஆனாலும் நின்றேன்.

பெண்கள் துறையிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்: "என்ன அண்ணே, காத்துல என்ன வருகுன்னு நாடி பாக்கியளோ?"

"ஒனக்கு என்னதுக்கு வரும்னு சொல்லேம்ட்டி, பாப்போம்," என்றார் மடைக்காரர்.

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "எனக்கு இடி," என்றாள். "இடி இடிச்சா எனக்கு நாக்கு உள்ள போயிரும்."

முதலடி ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றவர், யாரும் கேட்காமல் சொன்னார்: "கதவடச்ச முறிக்குள்ள என்னால கெடக்க முடியாது. காத்து வேணும், காத்து வேணும்னு சொல்லித்தான் இத்தன வருசம் சமாளிச்சேன். காத்துமில்ல ஒண்ணுமில்ல. இதுதான்."

மார்கழிப் பனியிலும் அவர் வீட்டு வாசல் கதவு திறந்தே கிடப்பதைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. எல்லாக் கதையும் அன்று செத்துப்போயிற்று.

இப்படித்தான் எங்கள் ஊரில் ஒரு கேள்வி புழக்கத்துக்கு வந்தது. பிள்ளை பெற்ற ஒரு பெண் விடாமல் அழுதுகொண்டிருந்தபோது, அவள் மாமியார் மைனியிடம் வந்தாள். "அழாதன்னு சொல்லாதீங்க. எங்க இருக்குன்னு கேளுங்க. சொல்லுகதுவரைக்கும் கூட இருங்க. பிள்ளைய நாங்க மாறி மாறி வச்சுக்கிடுகோம்," என்று மைனி சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வீடு பிள்ளை கை மாறியது. அந்தப் பெண் தேற மாசங்கள் ஆயின. எல்லாருக்கும் இது உதவியது என்று சொன்னால் பொய். தெற்குத்தெரு ஆள் ஒருவருக்கு நாங்கள் கேட்டதே காதில் விழவில்லை. யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைத் திருவனந்தபுரத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆனால் கட்டி இழுத்துப் போகவில்லை. வண்டியில் அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் வழி முழுக்க அவர் பேசியதற்கு 'உம்' கொட்டிக்கொண்டே போனார்கள். திரும்பி வந்தபோது போய்ப் பார்த்தோம்.

அடுத்த கன்னிப்பூவுக்கு மடைக்காரர் தானே இறங்குவதாகச் சொன்னார். இடுப்பில் வடம் கட்டி, மறு நுனியைப் பாட்டாவும் முதலடியும் பிடித்துக்கொண்டார்கள். துவர்த்து என்னிடம். கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றவர், நின்றுகொண்டே இருந்தார். நல்ல நேரம் போய்விட்டது என்று பூசாரி முனகினார்.

"நேரம் இன்னொண்ணு வரும்வே. சும்மா நில்லும்," என்றார் முதலடி.

கரையில் ஒருவரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. அவர் முங்கினார். வடம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் இரைந்து விழும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு தலை தெரிந்தது.

"வந்துது," என்றார், மூச்சு வாங்க. "உள்ள வச்சே வந்துது. நின்னுட்டு வந்தேன்."

அதோடு தீர்ந்துவிடவில்லை. பின்னால் வந்த வருடங்களில் சில தடவை இறங்கினார், சில தடவை முடியவில்லை. மடை திறக்கும் காலம் நெருங்கினால், முட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதுபோல முதலடி அவரை வழியில் நிறுத்திக் கேட்பார்.

"எப்படிவே, இந்தத் தடவ?"

"ஆவாது போல இருக்கு."

"செரி. கடப்புறத்துக்கு ஆளனுப்புகேன். நீரு கரையில நின்னு வந்தவனுக்கு எடத்தச் சொல்லிக் குடும்."

அவர் வந்து கரையில் நின்று, கட்டை எந்தப் பக்கம், எப்படி ஒதுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். அறுப்பு முடிந்ததும் களத்தில் அவருக்குள்ள நெல்லை அளந்து வைப்பார்கள், இறங்கிய வருடமும் இறங்காத வருடமும்.